டி.சி. மோட்டார் ஸ்பீடு கண்ட்ரோலர் கோளாறு: அறிகுறியை வைத்துப் பழுது நீக்கும் வழிமுறை

இங்கே பேசுவது 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் ஓடும் தைரிஸ்டர் டிரைவ் பற்றி. பை வெட்டும் மெஷின், லேபிள் ஒட்டும் மெஷின், நூல் சுற்றும் மெஷின், சின்ன கன்வேயர் எல்லாவற்றிலும் கால் எச்.பி.யில் இருந்து 2 எச்.பி. வரைக்குமான 180 வோல்ட் டி.சி. மோட்டாரை ஓட்டுவது பெரும்பாலும் இதுதான். உள்ளே இரண்டு எஸ்.சி.ஆர். (தைரிஸ்டருக்கு இன்னொரு பெயர்), இரண்டு டையோடு, அவுட்புட்டில் ஒரு ஃப்ரீவீலிங் டையோடு, இவற்றுக்குப் பல்ஸ் கொடுக்கும் ஒரு போர்டு. மூடியைத் திறந்ததும் 400 வோல்ட் என்று எழுதிய பெரிய கெப்பாசிட்டர் கண்ணில் பட்டால் அது வேறு ரகம், பி.டபிள்யு.எம். டிரைவ். அதில் ஆஃப் செய்த பிறகும் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும். கீழே சொல்லும் சோதனைகளை அதில் செய்யாதீர்கள்.

## கை வைக்கும் முன்

இந்த போர்டுகளில் பெரும்பாலானவற்றில் மெயின்ஸுக்கும் கண்ட்ரோல் பகுதிக்கும் நடுவே தடுப்பு (ஐசொலேஷன்) கிடையாது. ஸ்பீடு பாட்டின் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) மூன்று முனைகளும் எர்த்தைப் பொறுத்து கரண்ட் உள்ளவை. "பாட்டில் 10 வோல்ட்தானே" என்று விரல் வைத்தால் 230 அடிக்கும். பாட்டின் உலோக உடல் எர்த் ஆகியிருக்க வேண்டும், குமிழ் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை நேராக போர்டின் காமனில் மாட்டினால் கிளிப்பும் போர்டும் சேர்ந்து போகும்.

ஆஃப் செய்த பிறகு ஷாஃப்ட் நிற்கும்வரை பொறுங்கள். பெர்மனென்ட் மேக்னெட் மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்வரை அதுவே ஒரு ஜெனரேட்டர்.

தேவையானவை: மல்டிமீட்டர், 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்), 230 வோல்ட் 100 வாட் குண்டு பல்பு, 200 வாட் குண்டு பல்பு, 12 வோல்ட் பேட்டரி, டி.சி. படிக்கும் கிளாம்ப் மீட்டர். எலக்ட்ரீஷியன்கள் சாதாரணமாக வைத்திருக்கும் ஏ.சி. கிளாம்ப் ஆர்மேச்சர் கரண்டைச் சரியாகக் காட்டாது. எல்.இ.டி. பல்பும் இந்த வேலைக்கு உதவாது.

## முதல் வேலை: கோளாறு போர்டிலா, மோட்டாரிலா?

போர்டைக் கழற்றி பழுது பார்க்கத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஐந்து நிமிட வேலை.

மெயின்ஸை ஆஃப் செய்யுங்கள். ஏ1, ஏ2 (ஆர்மேச்சர்) முனைகளில் இருந்து மோட்டார் ஒயர்களைக் கழற்றி டேப் சுற்றுங்கள். அந்த முனைகளில் 100 வாட் குண்டு பல்பை மாட்டுங்கள். நான்கு ஒயர் உள்ள ஷண்ட் மோட்டாராக (காந்தத்துக்குப் பதில் ஃபீல்டு காயில் உள்ளது) இருந்தால் எஃப்1, எஃப்2 என்ற ஃபீல்டு ஒயர்களை அப்படியே விடுங்கள். ஃபீல்டு இல்லையென்றால் ட்ரிப் ஆகும் போர்டுகள் உண்டு. பாட்டைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்து மெதுவாகத் திருப்புங்கள்.

பல்பு இருட்டில் தொடங்கி, துடிப்பு இல்லாமல், ஒரே சீராக முழு வெளிச்சத்துக்கு வர வேண்டும். பல்பின் குறுக்கே டி.சி. வோல்ட் 0-வில் இருந்து ஏறி 180 பக்கம் வர வேண்டும். அப்படி வந்தால் போர்டு ஏறக்குறைய நல்ல நிலையில் இருக்கிறது. கோளாறை மோட்டாரிலும் ஒயரிலும் லோடிலும் தேடுங்கள்.

பல்பு இல்லாமல் வெறும் மீட்டரை மட்டும் வைத்து அளக்காதீர்கள். ஸ்னப்பர் (எஸ்.சி.ஆர். குறுக்கே உள்ள கெப்பாசிட்டர்–ரெசிஸ்டர் ஜோடி) வழியாகக் கசியும் கரண்டிலேயே மீட்டர் ஏதாவது ஒரு பெரிய எண்ணைக் காட்டும், நல்ல எஸ்.சி.ஆரை ஷார்ட் என்று நினைக்க வைக்கும். டேக்கோ (ஷாஃப்டின் வேகத்தை வோல்ட்டாகத் தரும் சின்ன ஜெனரேட்டர்) ஃபீட்பேக் உள்ள டிரைவில் இன்னொன்று: மோட்டார் சுற்றாததால் டேக்கோவில் வோல்ட் இல்லை, ஆகவே பாட்டைக் கொஞ்சம் திருப்பியதும் பல்பு முழுதாக எரியும். அது கோளாறு அல்ல. சோதனைக்கு மட்டும் ஆர்மேச்சர் ஃபீட்பேக் ஜம்பருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 1: மோட்டார் அசையவே இல்லை

### போர்டில் விளக்கே எரியவில்லை

முனைகளில் 230 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஃபியூஸைக் கழற்றி எடுத்து கன்டின்யூட்டி பாருங்கள். கண்ணாடி ஃபியூஸில் கம்பி முழுதாகத் தெரிந்தாலும் மூடிக்குள்ளே விட்டிருக்கும், கண்ணை நம்பாதீர்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் கண்ட்ரோல் சப்ளை. சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் பிரைமரி விட்டிருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பழைய போர்டுகளில் மெயின்ஸ் வோல்ட்டைக் குறைக்க ஒரு 10 வாட் வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் இருக்கும். வருடக்கணக்கில் சுட்டு சுட்டு அதன் அடியில் போர்டு பழுப்பாகிவிடும், பற்றவைப்பும் வளையமாக விரிசல் விட்டிருக்கும். பல போர்டுகள் இந்த ஒரு சால்டரைப் புதுப்பித்ததும் உயிர் பெறும். அடுத்தது ஜீனர் அல்லது 7812 ரெகுலேட்டர். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 7, 8 என்று வந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர் வறண்டுவிட்டது. அதே மதிப்பில், 105 டிகிரி ரகமாகப் போடுங்கள்.

### விளக்கு எரிகிறது, பல்பு எரியவில்லை

செலவே இல்லாத காரணம் முதலில்: ரன் அல்லது எனேபிள் முனைகள். மெஷின் கதவு சுவிட்ச், ஸ்டாப் பட்டன், ஓவர்லோடு ரிலே எல்லாம் இதில் சீரிஸாகப் போகும். ஒன்று திறந்திருந்தாலும் போர்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது பாட். பவர் ஆஃப் செய்து மூன்று ஒயரையும் கழற்றி ஓரத்து முனைகளை அளந்தால் எழுதிய மதிப்பு வர வேண்டும்; 5 கே அல்லது 10 கே வழக்கம். நடு முனைக்கும் ஓரத்துக்கும் வைத்துத் திருப்பினால் தாவாமல் ஏற வேண்டும். பாட் நன்றாக இருந்தால் மறுபடி மாட்டி, மீட்டரின் கறுப்பு முனையைப் பாட்டின் கீழ் முனையில் வைத்து (எர்த்தில் அல்ல) மேல் முனையில் ரெஃபரன்ஸ் வோல்ட் பாருங்கள். பெரும்பாலும் 10 வோல்ட் இருக்கும். பூஜ்யம் என்றால் ஆஃப் செய்து பாட் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். இப்போது வருகிறது என்றால் பேனலுக்குப் போகும் ஒயர் எங்கோ நசுங்கி ஷார்ட் ஆகியிருக்கிறது.

ரெஃபரன்ஸ் உண்டு, நடு முனையில் வோல்ட் ஏறுகிறது, ஆனாலும் பல்பு இருட்டு என்றால் பல்ஸ் பகுதி. நம் நாட்டுப் போர்டுகளில் இன்றும் நிறைய இருப்பது டி.சி.ஏ. 785 என்ற 16 கால் ஐ.சி. அதன் 1-ஆம் காலைப் பொறுத்து அளக்க வேண்டும். 16-இல் சப்ளை. 6-ஆம் கால் தடை முனை. அங்கே 4 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் பல்ஸ் வெளியே வரும், 2.5-க்குக் கீழே போனால் நின்றுவிடும். எனேபிள், கரண்ட் ட்ரிப், ஃபீல்டு லாஸ் எல்லாம் பெரும்பாலும் இந்தக் காலைத்தான் இழுத்துப் பிடிக்கும். 5-ஆம் கால் சிங்க் முனை. ஏ.சி. ரேஞ்சில் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். எதுவும் காட்டவில்லை என்றால் மெயின்ஸில் இருந்து அதற்கு வரும் பெரிய மதிப்பு ரெசிஸ்டர் விட்டிருக்கும். இந்த ரெசிஸ்டர்கள் பார்க்கப் புதிதுபோல இருந்துகொண்டே திறந்துபோகும் சாதி. கழற்றித்தான் அளக்க வேண்டும். 11-ஆம் கால் கண்ட்ரோல் வோல்ட். இது ஏற ஏற அவுட்புட் குறையும், தலைகீழாக நினைத்துக் குழம்பாதீர்கள்.

பி.எல்.சி.யின் (மெஷினை ஓட்டும் கண்ட்ரோல் கம்ப்யூட்டர்) 0–10 வோல்ட் அவுட்புட்டைப் புதிதாக இணைத்த அன்றே போர்டு செத்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். தடுப்பு இல்லாத போர்டில் ஐசொலேட்டர் கார்டு இல்லாமல் இணைத்தால் இரண்டு பக்கமும் போகும்.

### பல்பு சீராக எரிகிறது, மோட்டார் மட்டும் ஓடவில்லை

கார்பன் பிரஷ். கழற்றிப் பாருங்கள். தேய்ந்து ஸ்பிரிங் தொங்கியிருக்கும், அல்லது கார்பன் தூளும் எண்ணெயும் சேர்ந்து ஹோல்டருக்குள் பிரஷ் பசைபோட்டதுபோல நின்றிருக்கும். புது நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆனதும் மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள்.

பிறகு ஏ1–ஏ2 ஓம் பார்த்துக்கொண்டே ஷாஃப்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். 1 எச்.பி. மோட்டாரில் சில ஓம்தான் வரும். சில இடங்களில் மட்டும் திறந்து காட்டினால் கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு உருளை) கரி பிடித்திருக்கிறது, அல்லது ஆர்மேச்சரில் ஒரு காயில் விட்டிருக்கிறது. ஷண்ட் மோட்டாரில் எஃப்1–எஃப்2-வையும் அளங்கள். 1 எச்.பி.யில் சில நூறு ஓம் வரும்.

பெர்மனென்ட் மேக்னெட் மோட்டாருக்கு நேரடிச் சோதனை: 12 வோல்ட் பேட்டரியை ஏ1–ஏ2-வில் கொடுங்கள். 180 வோல்ட்டில் 1,500 சுற்று ஓடும் மோட்டார் 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 100-க்குச் சற்றுக் குறைவாகச் சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டார் உயிரோடிருக்கிறது, நடுவில் உள்ள ஒயரைப் பாருங்கள்.

## அறிகுறி 2: ஃபியூஸ் போகிறது

எப்போது போகிறது என்பதுதான் இங்கே கேள்வி. அதைக் கேட்காமல் ஃபியூஸ் வாங்கி மாட்டிக்கொண்டே இருப்பது வீண் செலவு.

### ஆன் செய்ததும்

மோட்டாரைக் கழற்றிவிட்டு, மெயின்ஸில் 200 வாட் பல்பைச் சீரிஸாகப் போட்டு ஆன் செய்யுங்கள். சீரிஸ் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் போர்டுக்குள் ஷார்ட். எரியாமல் இருந்தால் மோட்டார் அல்லது அதன் ஒயர் எர்த் ஆகியிருக்கிறது. இந்த டிரைவில் பிரிட்ஜ் நேராக மெயின்ஸில் உட்கார்ந்திருப்பதால், நியூட்ரல் எங்கோ எர்த்தில் இருக்க, ஆர்மேச்சர் எர்த் ஆனால் அதுவே முழு ஷார்ட். மோட்டாரை டிரைவில் இருந்து முழுதாகப் பிரித்தபின் 500 வோல்ட் மெக்கரில் ஏ1-இல் இருந்து பாடிக்குப் பாருங்கள். 1 மெகாவுக்குக் கீழே என்றால் ஓட்டாதீர்கள். பல நேரம் உள்ளே படிந்த கார்பன் தூள்தான் காரணம். காற்றடித்து, தின்னர் தொட்ட துணியால் பிரஷ் ஹோல்டரின் இன்சுலேஷனைத் துடைத்து, காயவிட்டு மறுபடி பாருங்கள். டிரைவ் மாட்டியிருக்கும்போது மெக்கர் சுற்றினால் எஸ்.சி.ஆரும் ஐ.சி.யும் சேர்ந்து போகும்.

போர்டுக்குள் ஷார்ட் என்றால் பவர் ஆஃப், மோட்டாரும் ஃபீல்டும் கழற்றிய நிலையில், டையோடு ரேஞ்சில் நான்கு இடம் பாருங்கள். அவுட்புட் பிளஸ்ஸில் இருந்து லைனுக்கு: இரு பக்கமும் திறந்து (அதாவது கடத்தாமல்) காட்ட வேண்டும். பிளஸ்ஸில் இருந்து நியூட்ரலுக்கு: அதே. சிவப்பு முனையை மைனஸில் வைத்து கறுப்பை லைன், நியூட்ரல் இரண்டிலும் மாறிமாறி வைத்தால் 0.4 முதல் 0.6, திருப்பி வைத்தால் திறந்து. சிவப்பு மைனஸில், கறுப்பு பிளஸ்ஸில்: ஃப்ரீவீலிங் டையோடு 0.4 முதல் 0.6 காட்ட வேண்டும். எங்காவது இரு பக்கமும் பூஜ்யம் என்றால் அந்தப் பாகம் ஷார்ட். சில போர்டுகளில் எஸ்.சி.ஆர். இரண்டும் லைன் பக்கத்திலேயே, டையோடு இரண்டும் நியூட்ரல் பக்கத்தில் இருக்கும். அதில் பிளஸ்–நியூட்ரலும் டையோடு காட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் சீரிஸ் பல்பு எரிகிறதா? மெயின்ஸ் குறுக்கே வட்டமாக, நீலமாக உட்கார்ந்திருக்கும் எம்.ஓ.வி.யை (திடீர் உயர் வோல்ட்டை விழுங்கும் பாகம்) பாருங்கள். வெடித்தோ கறுத்தோ இருந்தால் வெட்டி எடுத்துச் சோதியுங்கள். சோதனைக்கு அது இல்லாமல் ஓட்டலாம், மெஷினுக்கு அனுப்பும்போது கண்டிப்பாகப் புதிது வேண்டும். 230 வோல்ட் லைனுக்கு 20டி431 சரியாக இருக்கும்.

### ஆன் செய்தால் நிற்கிறது, பாட்டைத் திருப்பியதும் போகிறது

பாட் பூஜ்யத்தில் இருக்கும்போதே மோட்டார் தானாகச் சுற்றத் தொடங்கி, பாட்டைத் தொட்டதும் ஃபியூஸ் போனால், மூடியைத் திறக்காமலே சொல்லலாம்: ஒரு எஸ்.சி.ஆர். ஷார்ட். ஷார்ட்டான எஸ்.சி.ஆர். டையோடு போல ஒரு பாதி அலையை எப்போதும் விட்டுக்கொண்டிருக்கும், அதில் மோட்டார் ஓடும். பாட்டைத் திருப்பினால் நல்ல எஸ்.சி.ஆர். மறு பாதியில் கடத்தும். லைனும் நியூட்ரலும் இரண்டு எஸ்.சி.ஆர். வழியாக நேருக்கு நேர் சேரும். எஸ்.சி.ஆர். லைனுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இருக்கும் போர்டில்தான் இப்படி. இரண்டும் ஒரே பக்கம் உள்ள போர்டில் ஆன் செய்த கணமே போகும்.

தானாகச் சுற்றாமல், திருப்பும்போது மட்டும் போனால் மோட்டார் அல்லது லோடு. பெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். கியர் பாக்ஸ் இறுகியிருக்கலாம், கரண்ட் லிமிட் பிரீசெட்டை (போர்டிலேயே உள்ள, ஸ்குரூ டிரைவரால் திருப்பும் சின்ன பாட்) யாராவது முழுதாகத் திருப்பி வைத்திருக்கலாம்.

### ஃபார்வர்ட்–ரிவர்ஸ் மாற்றும்போது

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் ஏ1, ஏ2-வை மாற்றிப் போட்டால், மோட்டார் தரும் 180-உம் டிரைவ் தரும் வோல்ட்டும் எதிர்க்காமல் கூடிக்கொள்ளும். பிரேக் ரெசிஸ்டர் அல்லது டைமர் வைத்து மோட்டார் நின்றபிறகே மாறும்படி செய்யாதவரை இதில் எந்த எஸ்.சி.ஆரும் நிலைக்காது.

ஃபியூஸைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்.சி.ஆரைக் காப்பாற்ற வேகமாக அறுந்துபோகும் செமிகண்டக்டர் ஃபியூஸ்தான் வேண்டும். சாதாரண எச்.ஆர்.சி. ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்றும், அது அறுவதற்குள் எஸ்.சி.ஆர். போய்விடும். கம்பி சுற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

## அறிகுறி 3: ஆன் செய்ததும் முழு வேகத்தில் ஓடுகிறது

முதலில் ஆஃப் செய்யுங்கள், பெல்ட்டைக் கழற்றுங்கள்.

மிக எளிய காரணம், மிக அடிக்கடி வருவதும் இதுதான்: பாட்டின் கீழ் முனை ஒயர் விட்டிருக்கிறது. அது விட்டால் நடு முனை முழு ரெஃபரன்ஸுக்கு ஏறிவிடும், பாட்டை எங்கே வைத்தாலும் முழு வேகம். பேனல் கதவில் பாட் இருந்தால் கதவு திறந்து மூடி ஒயர் இன்சுலேஷனுக்குள்ளேயே அறுந்திருக்கும். இழுத்துப் பாருங்கள், ரப்பர் போல நீண்டால் உள்ளே செம்பு இல்லை.

மோட்டார் முழு வேகம் இல்லாமல் மெதுவாகத் தவழ்கிறது என்றால் மினிமம் பிரீசெட் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

டேக்கோ உள்ள மெஷினில் டேக்கோ ஒயர் விட்டாலோ, கப்ளிங் நழுவினாலோ முழு வேகம் வரும். மோட்டாரைக் கழற்றி மாட்டிய பிறகு வந்தால் டேக்கோ ஒயர் இடம் மாறியிருக்கும். ஆர்மேச்சர் ஃபீட்பேக்குக்கு மாற்றிப் பாருங்கள். அடங்கினால் டேக்கோ பக்கம்தான்.

ஷண்ட் மோட்டாரில் ஃபீல்டு போவது ஆபத்தான காரணம். லோடு இல்லாத மோட்டார் ஃபீல்டு இழந்தால் பெயர்ப் பலகையில் எழுதிய வேகத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும், ஆர்மேச்சர் கட்டு வெளியே பறக்கும். எஃப்1–எஃப்2-வில் டி.சி. வோல்ட் பாருங்கள். ஃபுல்வேவ் ஃபீல்டு என்றால் 200 பக்கம் வர வேண்டும். 100 பக்கம் வந்தால் ஃபீல்டு பிரிட்ஜில் ஒரு டையோடு திறந்திருக்கிறது. மோட்டார் வேகமாக ஓடும், கரண்ட் அதிகம் இழுக்கும், இழுவை இருக்காது. ஃபீல்டு லாஸ் ரிலே இல்லாத பேனலில் ஒன்று போட்டுவிடுவது நல்லது, அதன் விலை ஆர்மேச்சர் கட்டும் கூலிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

குளிர்ந்திருக்கும்போது சரியாக ஓடி, அரை மணி கழித்து கட்டுப்பாடு போனால் எஸ்.சி.ஆர். சூட்டில் தானாகக் கடத்தத் தொடங்குகிறது. ஹீட்சிங்கில் பஞ்சும் தூசியும் அடைந்திருக்கிறதா, பேஸ்ட் காய்ந்திருக்கிறதா, ஸ்னப்பர் கெப்பாசிட்டர் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்னப்பர் பொதுவாக 0.1 மைக்ரோ ஃபாரட்டும் அதோடு சீரிஸாக 47 முதல் 100 ஓமும்.

## அறிகுறி 4: பாதி வேகத்துக்கு மேல் ஏறவில்லை, மோட்டார் உறுமுகிறது

பல்பைப் போட்டு பாட்டை முழுதாகத் திருப்பி அளங்கள். 180 வர வேண்டிய இடத்தில் 90–100 வந்தால், பல்பும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி துடித்தால், ஒரு எஸ்.சி.ஆர். கடத்தவில்லை. மோட்டாரில் 100 ஹெர்ட்ஸ் மெல்லிய ஓசைக்குப் பதில் 50 ஹெர்ட்ஸ் தடித்த உறுமல் கேட்கும்.

கேட் ஒயரின் தகடு கழன்றிருப்பதுதான் முதல் சந்தேகம். அடுத்து கேட்–கேத்தோடு ஓம்: இரண்டு எஸ்.சி.ஆரிலும் ஒத்த மதிப்பு வர வேண்டும், பத்தில் இருந்து நூறு ஓமுக்குள் இருக்கும். ஒன்று திறந்து காட்டினால் அந்த எஸ்.சி.ஆர். போயிற்று. இரண்டும் நன்றாக இருந்தால் பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு சுற்றுகளும், அதை ஓட்டும் டிரான்சிஸ்டரும். டி.சி.ஏ. 785-இல் 14, 15-ஆம் கால்கள் ஒவ்வொரு பாதிக்கும் ஒன்று.

ஸ்கோப் இல்லாமல் பல்ஸ் பார்க்க: பவர் ஆஃபில் கேட் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் கேத்தோடு ஒயருக்கும் நடுவே ஒரு சிவப்பு எல்.இ.டி.யும் 100 ஓமும் சீரிஸாக மாட்டி, கையை எடுத்தபின் ஆன் செய்யுங்கள். மங்கலாகத்தான் எரியும், வெளிச்சத்தை மறைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் எரிந்து மறு பக்கம் எரியவில்லை என்றால் கோளாறு எஸ்.சி.ஆருக்கு முன்னாலேயே.

பல்பில் 165–170 வருகிறது, அதற்கு மேல் ஏறவில்லை என்றால் லைன் வோல்ட்டைப் பாருங்கள். இந்த பிரிட்ஜ் தரக்கூடிய உச்சம் லைன் வோல்ட்டின் 0.9 மடங்கு. லைனில் 190 இருந்தால் 171-க்கு மேல் எந்த போர்டும் தராது.

## அறிகுறி 5: லோடு ஏற்றினால் வேகம் விழுகிறது

பிரீசெட்டைத் தொடும் முன் டி.சி. கிளாம்ப் வைத்து கரண்டைப் பாருங்கள். 1 எச்.பி., 180 வோல்ட் மோட்டாருக்கு முழு லோடில் 5 ஆம்ப் சுமார்.

கரண்ட் பெயர்ப் பலகை அளவுக்குள் இருக்கிறது, வேகம் மட்டும் விழுகிறது என்றால் ஐ.ஆர். காம்ப் (லோடு ஏறும்போது வோல்ட்டைக் கூட்டிக் கொடுக்கும் அமைப்பு) குறைவு. லோடோடு ஓட்டி, அந்தப் பிரீசெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மோட்டார் ஊசலாடத் தொடங்கும் புள்ளி வரும். அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்கி நிறுத்துங்கள்.

கரண்ட் ஒரு அளவில் முட்டி நின்று வேகம் சரிந்தால் கரண்ட் லிமிட். முழு லோடு கரண்டின் ஒன்றரை மடங்கு, அதாவது 5 ஆம்ப் மோட்டாருக்கு 7.5, போதும். அதற்கு மேல் ஏற்றினால்தான் மெஷின் ஓடுகிறது என்றால் கோளாறு மெஷினில்: பேரிங், காய்ந்த கியர் ஆயில், இறுக்கிய பெல்ட். லிமிட்டை ஏற்றி ஓட்டிய மெஷின்தான் பிறகு ஆர்மேச்சர் கருகி வருகிறது.

பெர்மனென்ட் மேக்னெட் மோட்டாரில் காந்தம் வலு இழப்பது இருப்பதிலேயே செலவான காரணம். அதே வோல்ட்டில் முன்பைவிட வேகமாக ஓடும், வெறுமனே ஓடும்போதே கரண்ட் அதிகம், கையால் பிடித்தால் நிற்கும். பெரிய ஷார்ட் அல்லது திடீர் ரிவர்ஸுக்குப் பிறகு இப்படி ஆகும். நல்ல மோட்டாரின் 12 வோல்ட் சுற்று எண்ணிக்கையைப் பாடியில் மார்க்கரால் எழுதி வைத்திருந்தால் ஒப்பிட எளிது.

## அறிகுறி 6: வேகம் ஆடுகிறது

எப்படி ஆடுகிறது என்று கவனியுங்கள். பாட்டின் சில இடங்களில் மட்டும் வெடுக்கென்று தாவினால் பாட் தேய்ந்திருக்கிறது. ஸ்ப்ரே அடிப்பது ஒரு வாரத்துக்கு, 2 வாட் ஒயர்வூண்ட் பாட் சில வருடங்களுக்கு. நொடிக்கு ஒன்று இரண்டு முறை ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால் ஐ.ஆர். காம்ப் அதிகம், அல்லது டேக்கோ கப்ளிங்கின் ரப்பர் தளர்ந்திருக்கிறது. ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உதை என்றால் கம்யூட்டேட்டர். பக்கத்து மெஷினின் கான்டாக்டர் விழும்போதெல்லாம் துள்ளினால் பாட் ஒயரை ஷீல்டு ஒயராக மாற்றி, ஷீல்டை டிரைவ் பக்கம் மட்டும், போர்டு தயாரிப்பாளர் குறித்த முனையில் கட்டுங்கள்.

## அறிகுறி 7: பிரஷில் பொறி, மோட்டாரில் சூடு

பிரஷ் நுனியில் மெல்லிய நீலப் பொறி இருந்தால் விட்டுவிடலாம். கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் போட்டால் உடனே நிறுத்துங்கள்.

கம்யூட்டேட்டர் வழவழப்பான காப்பிக் கொட்டை நிறத்தில் இருப்பது நல்லது, அதைத் தேய்த்து மினுக்க வேண்டாம். பள்ளமோ வரியோ விழுந்திருந்தால் லேத்தில் ஒரு மெல்லிய கடைசல் விட்டு, செம்புத் தகடுகளுக்கு நடுவே மைக்காவை 0.8 மில்லிமீட்டர் சுமார் ஆழத்துக்கு வெட்ட வேண்டும். கடைசல் விட்டு மைக்கா வெட்டாமல் கொடுத்தால் புது பிரஷ் ஒரு மாதத்தில் தூளாகும். புது பிரஷைப் படியவைக்க கண்ணாடித் தாளை (கிளாஸ் பேப்பர் என்னும் உப்புத்தாள்) கம்யூட்டேட்டர் மேல் சொரசொரப்பு வெளியே தெரிய வைத்துச் சுற்றி, ஷாஃப்டைக் கையால் திருப்புங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் தகடுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

பொறி இல்லை, சூடு மட்டும் என்றால் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று கேளுங்கள். ஷாஃப்டிலேயே விசிறி உள்ள மோட்டாரை மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் முழு லோடோடு நாள் முழுக்க ஓட்டினால் விசிறிக் காற்று போதாது. தனி மின்விசிறி வைப்பதுதான் தீர்வு. ஓடாத மோட்டார் சூடாக இருந்தால் அது ஷண்ட் மோட்டார், ஃபீல்டு ஆனிலேயே இருக்கிறது. இரவில் மெயின் சுவிட்சை ஆஃப் செய்யச் சொல்லுங்கள்.

## எஸ்.சி.ஆர். மாற்றும்போது

மல்டிமீட்டர் ஷார்ட் ஆனதைக் காட்டும், நல்லதை நல்லது என்று உறுதி சொல்லாது. கழற்றிய எஸ்.சி.ஆரின் ஆனோடை 12 வோல்ட் 10 வாட் பல்பு வழியாகப் பேட்டரி பிளஸ்ஸிலும், கேத்தோடை மைனஸிலும் மாட்டுங்கள். பல்பு எரியக் கூடாது. பிளஸ்ஸில் இருந்து 100 ஓம் வழியாக கேட்டைத் தொட்டு எடுங்கள். பல்பு பற்றி, கையை எடுத்த பிறகும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். சின்ன எல்.இ.டி. வைத்துச் சோதித்தால் கரண்ட் போதாமல் நல்ல எஸ்.சி.ஆரும் அணைந்துவிடும்.

230 வோல்ட் லைனில் 600 வோல்ட் எஸ்.சி.ஆர். போடாதீர்கள், அகப்பட்டாலும் போடாதீர்கள். 1,200 வோல்ட் 25 ஆம்ப் ரகம், உதாரணமாக 25டிடிஎஸ்12, 1 எச்.பி.க்குத் தாராளம். இதன் உலோக முதுகு ஆனோடு என்பதால் ஹீட்சிங்கில் மைக்கா அல்லது சிலிக்கோன் தாளும் ஸ்குரூவுக்குப் புஷ்ஷும் வேண்டும். பேஸ்ட்டை வெண்ணெய்போல அப்பாமல் மெல்லிதாகத் தடவுங்கள். இறுக்கியபின் முதுகில் இருந்து ஹீட்சிங்குக்கு மீட்டர் வைத்துத் திறந்து காட்டுகிறதா என்று பார்த்துவிட்டே பற்றவையுங்கள். ஒன்று ஷார்ட் ஆனால் மற்றதும் அடி வாங்கியிருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

எது அதைக் கொன்றது என்று கண்டுபிடிக்காமல் மெஷினில் மாட்டாதீர்கள். மோட்டார் மெக்கர், எம்.ஓ.வி., ஸ்னப்பர், ஃப்ரீவீலிங் டையோடு, கரண்ட் லிமிட் ஆகிய ஐந்தும் பார்த்தாக வேண்டும். முதல் ஆன்: மெயின்ஸில் 200 வாட் சீரிஸ் பல்பு, அவுட்புட்டில் 100 வாட் பல்பு. இரண்டும் ஒழுங்காக நடந்துகொண்டால் சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு மறுபடி. அதன்பின் பெல்ட் இல்லாமல் மோட்டார். கடைசியில்தான் லோடு.

## எப்போது வேறு ஆளிடம் கொடுப்பது

புது எஸ்.சி.ஆர். இரண்டாவது முறையும் போனால் நிறுத்திவிடுங்கள். ஸ்கோப்பும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் உள்ளவர் பல்ஸைப் பார்க்க வேண்டிய இடம் அது. எஸ்.எம்.டி. பாகங்களும் (போர்டின் மேலேயே ஒட்டிய மிகச் சிறிய பாகங்கள்) மைக்ரோ கண்ட்ரோலரும் உள்ள போர்டில் பவர் பகுதி நன்றாக இருந்தும் பல்ஸ் இல்லை என்றால் போர்டை மாற்றுவதே மலிவு. பாதை கருகி கரியான போர்டையும் சுரண்டி ஓட்ட வேண்டாம், கரி மறுபடி கடத்தும்.

சுத்தம் செய்தும் மெக்கர் அளவு ஏறாத மோட்டார், ஆர்மேச்சரில் காயில் விட்டது, காந்தம் இழந்தது ஆகியவை மோட்டார் கட்டுபவர் வேலை. லிஃப்ட், ஹாயிஸ்ட், ஆள் நிற்கும் எதையும் ஓட்டும் டிரைவ் என்றால் பாட்டைத் தவிர எதையும் தொடாமல் அந்த மெஷின்காரரை அழையுங்கள்.

போர்டைக் கொடுத்து அனுப்பும்போது மோட்டார் பெயர்ப் பலகையின் படம், கழற்றும் முன் எடுத்த ஒயரிங் படம், பிரீசெட்டுகள் இருந்த நிலைக்கு மார்க்கர் கோடு, ஃபியூஸ் ஆன் செய்ததும் போயிற்றா திருப்பியதும் போயிற்றா என்ற ஒரு வரி, இவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். பாட்டையும் கூடவே கொடுங்கள்.